கண்மாய்ப் பறவையையும் வௌவாலையும் எதற்காகச் சோதிக்கிறார்கள்?

சாயல்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மேலச்செல்வனூர் கண்மாய்க்கு உடம்பு முழுக்க மூடிய உடை போட்டு நாலு பேர் வந்தார்கள். பறவை எச்சத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு எடுத்துப்போனார்கள். பறவைக்கு நோய் இருப்பதால்தான் வந்தார்கள் என்று ஊருக்குள் பேச்சாகக் கிடக்கிறது. வேட்டுப் போட்டு விரட்டிவிடுவோம் என்கிறார்கள் இளவட்டங்கள். எங்கள் ஆடு, கோழி எல்லாம் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. காட்டில் திரிகிற பறவையையும் வௌவாலையும் சோதிப்பதால் யாருக்கு என்ன பயன், ஐயா?"

கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாதிரி எடுத்து அனுப்புவது பல வருடம் என் வேலையாகவே இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவசரத்துக்கு இரண்டு விஷயம் முதலில். மாதிரி எடுக்க ஆள் வந்தார்கள் என்பதற்காக அங்கே நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. வலசைப் பறவைகள் கூடுகிற நீர்நிலைகளில் நோய் வராத காலத்திலும் மாதிரி எடுப்பார்கள். அடுத்தது, தயவுசெய்து வேட்டு மட்டும் போடாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று வரிசையாகப் பறவைச் சரணாலயங்கள் இருக்கின்றன. எல்லாமே பாசனக் கண்மாய்கள்தான். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் நின்றதும் சங்குவளை நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் கருவேல மரங்களில் கூடு கட்டும். இவற்றை எல்லோரும் "வெளிநாட்டுப் பறவை" என்கிறார்கள். இவை நம் நாட்டுப் பறவைகள்தான், தண்ணீரைத் தேடி ஊர் மாறுகின்றன, அவ்வளவே. உண்மையில் கடல் தாண்டி, இமயம் தாண்டி வருபவை நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்ற வாத்துகளும், தனுஷ்கோடி, மனோலித் தீவுப் பக்கம் சேற்றில் கூட்டமாக மேய்கிற உள்ளான் வகைகளும், கடற்காகங்களும். பறவைக் காய்ச்சல் வைரஸுக்கு இயற்கையான இருப்பிடம் இந்த இரண்டாம் வகைதான். வாத்தின் குடலில் அது பெரிய தொந்தரவு தராமல் வாழும், எச்சத்தோடு தண்ணீரில் கலக்கும். மாதிரி எடுக்க வருகிறவர்கள் நாரைக் கூட்டை விட்டுவிட்டு வாத்து ஒதுங்குகிற கரையைத் தேடிப் போவது இதனால்தான்.

ஆனால் பழியை முழுக்கப் பறவை மேல் போடுவதும் நியாயமில்லை. உலகத்தை இன்று அலைக்கழிக்கிற எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமியின் மூதாதை 1996ல் சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் பண்ணை வாத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. மறு வருடம் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றியது, 6 பேர் இறந்தார்கள். நெருக்கியடித்து வளர்க்கிற கோழி, வாத்துப் பண்ணைகளில்தான் சாது வைரஸ் கொலைகார வைரஸாக மாறுகிறது. பிறகு அது காட்டுப் பறவைக்குத் திரும்பிப் போய்க் காட்டுப் பறவையையும் கொல்கிறது. 2005ல் சீனாவின் சிங்காய் ஏரியில் 6,000க்கும் மேற்பட்ட பறவைகள் செத்தன. 2020 டிசம்பர் கடைசியில் இமாச்சலத்தின் பாங் அணை நீர்த்தேக்கத்தில் ஆயிரக்கணக்கில் செத்தவற்றில் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள். அதே வரித்தலை வாத்து தமிழ்நாட்டில் கூந்தன்குளம் வரை வருகிற பறவை. பாங் அணையில் என்ன நடக்கிறது என்று நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில்.

மனிதருக்கு வருமா? வரும், ஆனால் சுலபத்தில் வராது. இந்தியாவில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் கோழிகளுக்கு முதன்முதலாக வந்தது. மனித உயிரிழப்பு 2021ல்தான் முதலில் பதிவானது, டெல்லியில் சிகிச்சை பெற்ற ஒரு சிறுவன். வந்தால் கொல்லும், ஆனால் மனிதரிடமிருந்து மனிதருக்கு லேசில் பரவாது. அது அப்படியே இருக்கிறதா, மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் இந்தச் சோதனைகளின் முதல் வேலை. பாலூட்டிகளுக்குத் தாவப் பழகுகிறதா என்பதுதான் இப்போதைய கவலை. 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 கிருமியால் செத்தன.

இப்போது அந்த நாலு பேர் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். விடிந்து வெயில் ஏறுவதற்குள், வாத்துகள் இரவு தங்கிய கரைக்குப் போவார்கள். பளபளப்பு மாறாத புது எச்சம் மட்டுமே பயன்படும், வெயிலில் காய்ந்ததில் வைரஸ் சிதைந்திருக்கும். பஞ்சுக் குச்சியை எச்சத்தின் நடுவில் புரட்டி, மருந்துத் திரவம் ஊற்றிய சின்னக் குழாயில் முக்கி, குச்சியின் வாலை ஒடித்துவிட்டு மூடியைத் திருகுவார்கள். குழாயின் மேல் எண், தேதி, இடம், எந்தப் பறவை என்பதெல்லாம் அழியாத பேனாவில் எழுத வேண்டும். பறவையையே வலையில் பிடித்தால் தொண்டையில் ஒரு குச்சி, கழிவுத் துவாரத்தில் ஒரு குச்சி, சிறகின் அடி நரம்பில் சில சொட்டு ரத்தம். உள்ளானைப் பிடிக்க ஒரு முறை இருக்கிறது: கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் விட்டு, முதுகு உள்ளங்கையில் படும்படி தளர்வாக வைத்திருக்க வேண்டும். நெஞ்சை அழுத்திவிட்டால் பறவை மூச்சு விட முடியாமல் கையிலேயே செத்துப்போகும். வேலை முடிந்ததும் உடனே விட்டுவிடுவார்கள். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும்.

குழாய்கள் ஐஸ் பெட்டிக்குள் போன பிறகுதான் எனக்கு எப்போதும் படபடப்பு கூடும். கீழக்கரை வெயிலில் பெட்டியின் குளிர் போய்விட்டால் கிருமி இருந்தும் "இல்லை" என்று முடிவு வரும். மூன்றடுக்காகக் கட்டிய பெட்டி, சந்தேகமான மாதிரியாக இருந்தால் கடைசியில் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனம் வரை போக வேண்டும். பறவைக் காய்ச்சல்தான் என்று நாட்டில் இறுதியாக உறுதி செய்கிற இடம் அது. மனித மாதிரி என்றால் புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம். ராமநாதபுரத்திலிருந்து போபால் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். தென் கடற்கரைக்கு அருகிலேயே இந்தத் தரத்தில் ஒரு ஆய்வகம் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

சோதனை இரண்டு விதம். ஆர்டி-பிசிஆர், கிருமி இப்போது உடம்பில் இருக்கிறதா என்று சொல்லும். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தேடும் சோதனை, முன்பு எப்போதாவது வந்துபோனதா என்று சொல்லும். வாத்து சில நாள்தான் வைரஸை வெளியேற்றும், எதிர்ப்புப் பொருளோ மாதக்கணக்கில் நிற்கும். ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது.

"இல்லை" என்ற முடிவைத்தான் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டும். 300 பறவையைச் சோதித்து ஒன்றில்கூடக் கிருமி இல்லை என்றால், கணக்குப்படி நாம் நம்பிச் சொல்லக்கூடியது "நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இருக்க வாய்ப்பு குறைவு" என்பதுதான். கண்மாயில் 20,000 பறவை இருந்தால் 200 பறவையில் கிருமி இருந்தும் நம் குச்சியில் அகப்படாமல் போகலாம். இன்னொன்று, சரியான விலங்கைச் சோதித்தோமா என்ற கேள்வி. 2018ல் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் நிபா என்ற வைரஸ் காய்ச்சல் வந்து கேரளத்தில் 17 பேர் உயிரிழந்தபோது, முதலில் நோய் கண்ட வீட்டுக் கிணற்றில் இருந்த வௌவால்களைப் பிடித்துச் சோதித்தார்கள். கிருமி இல்லை. "அப்படியானால் வௌவால் காரணமில்லை" என்று செய்தி பறந்தது. அவை பூச்சி தின்னும் வௌவால்கள். பிறகு அந்த வட்டாரத்துப் பழந்தின்னி வௌவால்களைப் பிடித்துச் சோதித்தபோது 52ல் 10க்கு நிபா இருந்தது. மாதிரி எடுக்கிறவருக்கு ஊர்க்காரர் சொல்லும் விவரம் எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து புரியும். எந்த மரத்தில் எந்த வௌவால் அடைகிறது, எந்த மாதத்தில் குட்டி போடுகிறது என்பது ஆய்வகத்துக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

வௌவாலிடம் மாதிரி எடுப்பது இன்னும் பொறுமையான வேலை. இருட்டோடு இருட்டாக, இரை தேடப் போன வௌவால் திரும்புவதற்குள், அடைகிற ஆலமரத்துக்கோ இலுப்பைக்கோ அடியில் தார்ப்பாயை விரித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வந்து தொங்கியதும் சிறுநீர் சொட்டும். தார்ப்பாயில் விழுந்த துளிகளை உறிஞ்சுகுழலால் எடுத்துக் குழாயில் விடுவார்கள். ஒரு வௌவாலையும் தொடவே வேண்டியதில்லை. ஒரு கூட்டத்துக்குள் வைரஸ் வந்து போவதைக் கண்காணிக்க இதுதான் சிறந்த வழி.

நிபா என்றதும் பனங்காட்டு ஊர்களில் பதநீரைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். வங்கதேசத்தில் குளிர்காலங்களில் நிபா வருவதற்கு முக்கிய வழி, ஈச்ச மரத்தில் இறக்கிய சாற்றைப் பச்சையாகக் குடிப்பது. இரவில் வௌவால் வந்து சாறு வடிகிற இடத்தை நக்குவதைக் கேமரா வைத்தே பார்த்தார்கள். மூங்கில் தட்டி கட்டி மறைத்தால் வௌவால் அணுகுவது நின்றுவிடுகிறது என்பதையும் அங்கேதான் கண்டார்கள். நம் பனையேறிகள் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது பதநீர் புளிக்காமல் இருப்பதற்கு. அதையே கிருமிக்கும் மருந்து என்று நம்பிவிட வேண்டாம். பாளைக்கும் கலய வாய்க்கும் சேர்த்து ஒரு வலைத்துணியோ ஓலைமறைப்போ கட்டுவது பெரிய செலவில்லை. காய்ச்சிய கருப்பட்டிக்கு இந்தப் பயம் கிடையாது, அவ்வளவு நேரக் கொதியில் வைரஸ் தாங்காது. வௌவால் கடித்துப்போட்ட கொய்யா, சப்போட்டா, மாம்பழத்தைப் பிள்ளைகள் எடுத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆட்டுக்கும் போடாதீர்கள்.

இப்போது விரட்டுகிற விஷயம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020 ஏப்ரலில், கேரளம், இமாச்சலம், புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இடங்களில் பிடித்த இரண்டு வகை வௌவால்களில் கொரோனா வகை வைரஸ் இருந்ததாகப் புனே நிறுவனத்தார் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அது கோவிட் கிருமி இல்லை. மனிதருக்கு நோய் தந்ததற்குச் சான்றும் இல்லை. ஆனாலும் வௌவால் அடைகிற மரத்தை வெட்டச் சொல்லி ஊர் ஊராகக் கோரிக்கை எழுந்தது. உகாண்டாவில் நடந்ததைக் கேளுங்கள். கிட்டாக்கா சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு 2007ல் மார்பர்க் என்ற, எபோலாவுக்கு உறவான வைரஸ் வந்தது. கோபத்தில் 2008ல் சுரங்கத்து வௌவால்களை ஒட்டுமொத்தமாக அழித்தார்கள். சில வருடத்தில் வேறு வௌவால்கள் வந்து குடியேறின. 2012ல் பக்கத்து ஊரில் மார்பர்க் மீண்டும் வெடித்தது. சோதித்துப் பார்த்தால், முன்பு நூற்றுக்கு ஐந்து வௌவாலில் இருந்த கிருமி இப்போது நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேல். பழைய கூட்டத்தில் நோய் வந்து தேறி எதிர்ப்பு சக்தி பெற்றவை நிறைய இருந்தன. அவற்றை அழித்ததால் எதிர்ப்பு இல்லாத புதுக் கூட்டம் வந்து, வைரஸுக்குப் புது நிலம் கிடைத்தது போலாயிற்று.

கண்மாயில் வேட்டுப் போட்டாலும் விளைவு இந்த மாதிரிதான். பயந்த பறவை எச்சமிட்டுக்கொண்டே பக்கத்துக் கண்மாய்க்குப் போகும், அங்கே இன்னொரு கூட்டத்தோடு கலக்கும். நோய்வாய்ப்பட்டது பறக்க முடியாமல் ஊருக்குள் விழும், நாயும் காகமும் கொத்தும். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். நோய்க் கண்ணோட்டத்தில் பார்த்தாலும் அவர்கள் செய்வதுதான் சரி.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இரவில் கண்ணி வைத்து உள்ளானையும் வாத்தையும் பிடித்து விற்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். பிடிக்கிறவர், இறகு பிடுங்குகிறவர், சமையலறையில் குடல் எடுக்கிற பெண் என்று ஒரு பறவையின் ரத்தமும் எச்சமும் மூன்று நான்கு பேர் கையில் படுகின்றன. நன்றாக வெந்த இறைச்சியில் வைரஸ் இருக்காது. அடுப்புக்குப் போகிறவரைதான் ஆபத்து. சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்கட்டும், உங்கள் வீட்டுப் பெண்களுக்காகவாவது அந்தப் பறவையை வாங்காதீர்கள்.

கடல் பக்கம் வருகிறேன். பாம்பன், வேதாளை, ஏர்வாடி என்று எங்காவது ஓங்கிலோ (டால்பின்) கடல்பசுவோ செத்து ஒதுங்கினால் கூட்டம் கூடிவிடும், பிள்ளைகள் மேலேறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். செய்யக் கூடாது. ஓங்கில்களில் புருசெல்லா என்ற பாக்டீரியாவின் கடல் வகை இருக்கிறது, அபூர்வமாக மனிதருக்கும் வந்திருக்கிறது. எச்5என்1 கிருமி 2023ல் பெருவில் ஆயிரக்கணக்கான கடல்சிங்கங்களைக் கொன்றது, ஓங்கிலிலும் காணப்பட்டது. ஒதுங்கிய உடலை வனத்துறையும் கால்நடை மருத்துவரும் சேர்ந்து அறுத்துப் பார்த்து, உறுப்புகளிலிருந்து மாதிரி எடுக்கிறவரை எட்டி நில்லுங்கள்.

எலியையும் மறந்துவிட முடியாது. பறவைக் காய்ச்சலை விட நம் மாவட்டத்தில் ஒருவருக்கு வர அதிக வாய்ப்புள்ளது உண்ணிக் காய்ச்சல். எலி, மூஞ்சூறு மேல் வாழ்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. சீமைக்கருவேலம் வெட்டுகிறவர்கள், கரிமூட்டம் போடுகிறவர்கள், புதருக்குள் ஆடு மேய்க்கிறவர்கள், விட்டுவிடாத காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்டாற்போல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். டாக்சிசைக்ளின் மாத்திரையில் தீருகிற நோய், கண்டுபிடிக்கத் தவறினால் உயிரை வாங்கும். பொறி வைத்து எலி பிடித்து, காதோரத்துப் பூச்சியைச் சீவியெடுத்து, ரத்தம் சோதிப்பதும் இதே கண்காணிப்பின் ஒரு பகுதிதான்.

இந்தியாவில் பறவைகளின் காலில் வளையமிட்டுப் பெரிய அளவில் படிக்கத் தொடங்கியதற்கே ஒரு நோய்தான் காரணம் என்பது பலருக்குத் தெரியாது. 1957ல் கர்நாடகத்தில் குரங்குகள் செத்து விழுந்தன, பின்னாலேயே மனிதருக்கும் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் வந்தது. அந்த வைரஸ் சைபீரியப் பக்கத்து வைரஸ் ஒன்றை ஒத்திருந்ததால், பறவைகள் கொண்டுவந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959ல் பறவையியலாளர் சாலிம் அலியின் முயற்சியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பெரிய அளவில் வளையமிடும் பணியைத் தொடங்கியது. நம்மிடமிருந்து வடக்கே போனால் வருகிற கோடியக்கரை அதன் முக்கியமான களம். பறவைதான் கொண்டுவந்தது என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் வலசைப் பாதைகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்தச் சந்தேகத்தில் கிடைத்தது. அந்தக் கதையில் முதலில் எச்சரித்தவை செத்த குரங்குகள், அவற்றைக் கவனித்தவர்கள் காட்டோரத்து மக்கள்.

இங்கேயும் அப்படித்தான். உயிரோடிருக்கிற ஆயிரம் பறவையைச் சோதிப்பதைவிட, காரணம் தெரியாமல் செத்த ஐந்து பறவை அதிகம் சொல்லும். அவற்றை முதலில் பார்ப்பது ஆடு மேய்க்கிறவரும் வலை போடுகிறவரும்தான். கண்மாயில் ஒரே நாளில் நாலைந்து பறவை செத்துக் கிடந்தால், அல்லது காகம் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தால், கையால் தொடாதீர்கள், புதைக்கவும் வேண்டாம், நாய் இழுக்காமல் மட்டும் பார்த்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கோ 1962 எண்ணுக்கோ சொல்லுங்கள். செத்து ஒரு நாள் ஆகிவிட்டால் இந்த வெயிலில் அழுகி, மாதிரிக்கு உதவாது. காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தால் 104 எண்ணில் கேளுங்கள். மருத்துவரிடம் "கண்மாயில் செத்த பறவையை எடுத்தேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சொன்னால் நம் கோழியை அழித்துவிடுவார்களே என்று பயந்து மறைக்கிறவர்கள் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரியும். கோழிகளில் நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளவற்றை அழிப்பதும், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பதும் நடைமுறை. அழிக்கப்படுகிற கோழிக்கு மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதி போட்டு இழப்பீடு தருகின்றன. நோயில் தானாகச் செத்ததற்கு அது கிடையாது. மறைத்து வைத்தால் கோழியும் போகும், காசும் வராது. காட்டுப் பறவையில் மட்டும் கிருமி கிடைத்தால் சுற்றுவட்டாரக் கோழிகளைக் கண்காணித்து மாதிரி எடுப்பார்கள்.

உங்கள் ஆட்டைப் பற்றி. ஆடு கண்மாயில் தண்ணீர் குடிக்கலாம், பறவைக் காய்ச்சலுக்காக அதைத் தடுக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. கோழியையும் வீட்டு வாத்தையும் மட்டும் ஐப்பசி முதல் பங்குனி வரை கண்மாய்க்கரையில் மேயவிடாமல், வீட்டுத் தண்ணீர் காட்டி அடைத்து வளருங்கள். கண்மாய்ச் சேறு மிதித்த காலோடு கோழிக்கூட்டுக்குள் போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அந்த நாலு பேர் எடுத்துப்போன மாதிரியின் முடிவைத் தெரிந்துகொள்ள உங்கள் ஊருக்கு உரிமை உண்டு. எங்கள் காலத்தில் மாதிரி எடுத்துக்கொண்டு போவோம், முடிவு வந்ததும் கோப்பில் போடுவோம், ஊருக்கு ஒரு வார்த்தை போகாது. வதந்தி அந்த இடைவெளியில்தான் வளர்கிறது. ஊராட்சித் தலைவர் மூலம் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்தத் தேதியில் எத்தனை மாதிரி எடுக்கப்பட்டது, எந்தப் பறவைகளிடமிருந்து, எந்தச் சோதனை, முடிவு என்ன. பதில் வந்ததும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.